துருத்திக்கு வெட்டிய ரெக்சின்

என் பிள்ளைக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. மகனா மகளா என்றும் எனக்குத் தெரியாது. உனக்கு இதை எழுத முதல் காரணமே அதுதான். இப்போது இருக்கிற யாரிடம் சொன்னாலும் இந்த விஷயம் இன்னொருவர் காதுக்குப் போய்விடும். உன்னிடம் சொன்னால் எங்கேயும் போகாது. நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில், மாதா படத்துக்குக் கீழே எரியும் சின்னச் சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் தாளின் மேல் உட்கார்ந்துகொள்வேன்.

இரண்டாவது காரணமும் உண்டு. பெற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதியெல்லாம் பயம் தீர்ந்த பிறகு சொல்வது. நீ கல்யாணமாகிப் போகும்போதோ வேலைக்காக வெளியூர் கிளம்பும்போதோ நானும் உன்னை உட்கார வைத்துச் சொல்வேன். அப்போது எனக்குத் தலை நரைத்திருக்கும். நான் ரொம்பத் தைரியமாக நடந்துகொண்ட மாதிரி கதை மாறிப்போயிருக்கும். பயம் இருக்கும்போதே எழுதிவிட்டால் பிறகு என்னால் மாற்ற முடியாது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். அப்பா உனக்குத் தாத்தா, அம்மா உனக்குப் பாட்டி. ஆனாலும் அப்பா, அம்மா என்றே எழுதுகிறேன். தாத்தா என்று எழுதினால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அது முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஒரு இன்ஜினியர் ஆபீசில் கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு, லேசர் ஒளியால் மரப்பலகை வெட்டும் மிஷின் ஒன்றை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிஷின் பெரிய மரப்பெட்டி அளவு இருந்தது. வைப்பதற்கு முன் அறைதான் இடம். அங்கே அம்மாவின் தையல் மிஷின் ஜன்னலோரம் இருந்தது. அதைக் குளியலறைக்குப் போகும் வழியில் தள்ளி வைத்தார்கள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். “என் மிஷினு கழுவுற எடத்துக்குப் பக்கத்துல, உங்க மிஷினு நடு வீட்டுலயா?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் தைக்கவில்லை. கார், வேன்களுக்கு சீட் கவர் தைக்கிற கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அப்பாவிடம் நேராகப் பேசுவதும் அன்றோடு நின்றது.

அதன் பிறகு அவர்கள் இருவரும் பேச வேண்டியதை எல்லாம் நான்தான் சுமந்தேன். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே. அம்மா சமையலறையிலிருந்து, “ஏண்டி, திங்கிறதுக்காச்சும் வரச் சொல்லு அந்த ஸ்டேஷன் மாஸ்டர” என்பாள். நான் முன் அறைக்குப் போய், “அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க” என்பேன். அப்பா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், “பசிச்சா வரமாட்டனா? செத்த நேரம் தொணதொணங்காம இருக்கச் சொல்லு” என்பார். நான் திரும்பிப் போய், “இந்தா வாராராம்மா” என்பேன். சொற்களின் முனையை நான் இப்படித் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்ததில் வீட்டில் சண்டை வரவில்லை. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. நல்ல பிள்ளை என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன். உனக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். நானும் உன் அப்பாவும் என்றாவது பேசாமல் இருந்து, நடுவில் உன்னை அனுப்பினால், போகாதே. “நீங்களே போய்ச் சொல்லுங்கம்மா” என்று சொல். நான் திட்டினாலும் பரவாயில்லை.

அந்த மிஷினில் அப்பா பெயர்ப்பலகை வெட்டினார், கல்யாணத்துக்குக் கொடுக்கிற சின்னச் சின்னப் பரிசுச் சாமான் வெட்டினார், கிறிஸ்துமசுக்குக் குடில் வெட்டினார். ஆனால் அவர் ஆசைப்பட்டு வாங்கியது அதற்கில்லை. பொம்மை ரயில் பெட்டிகளுக்காக. மெல்லிய ப்ளைவுட்டில் ஒரு பெட்டியின் பக்கச் சுவரை இரண்டு அடுக்காக வெட்டுவார். உள்ளடுக்கில் வெறும் ஜன்னல் ஓட்டை, வெளியடுக்கில் ஜன்னல் சட்டம். இரண்டையும் ஒட்டினால் நிஜ ரயிலில் இருப்பதுபோலச் சட்டம் கொஞ்சம் மேடாக நிற்கும். ஜன்னல் கம்பிகள் தீக்குச்சியைவிட மெலிசாக இருக்கும். கூரை வளைய வேண்டும் என்பதற்காக அந்தப் பலகையில் நெருக்கமாகக் கீறல் கீறலாகப் போட்டு, வெந்நீரில் நனைத்து வளைப்பார். ஒளி வெட்டுகிற இடத்தில் மரம் ஒரு முடி அளவு காணாமல் போகும். அதைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் பெரிதாக வரைய வேண்டும். இல்லையென்றால் ஒரு துண்டின் நாக்கு இன்னொரு துண்டின் பள்ளத்தில் தொளதொள என்று ஆடும். வெட்டிய ஓரமெல்லாம் கருகியிருக்கும். உப்புத்தாளால் அந்தக் கரியை எடுப்பது என் வேலை. என் விரல் நுனி எப்போதும் கறுப்பாக இருக்கும். பள்ளியில் பிள்ளைகள், “ஏண்டி, வீட்ல வெறகடுப்பா?” என்று கேட்பார்கள்.

அளவெடுக்க ஒருமுறை அப்பா என்னைக் கொடைரோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் அம்மாவின் தையல் டேப்பு. ரயில் வந்து நின்றதும் அப்பா ஓடிப்போய் ஜன்னலின் அகலம், கதவின் உயரம், படிக்கட்டு என்று அளந்து சொல்லச் சொல்ல நான் என் கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வடையை வாயில் வைத்தபடியே பார்த்தார். “என்ன சார், ரயிலுக்குச் சட்டை தைக்கப் போறீயளா?” என்றார். உள்ளேயிருந்து யாரோ, “விடு மதினி, மாப்பிள்ளைக்கு அளவெடுக்குறாரு” என்றதும் பெட்டியே சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டே, “பொண்ணு பாத்தாச்சு, மாப்பிள்ளதான் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறாரு” என்றார். ரயில் கிளம்பியதும் அவர் அதோடு கூட நடந்துகொண்டே, கடைசியாக ஒருமுறை இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் அந்தக் கறுப்பு உறையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடந்து போகிற இடத்தைச் சுற்றி ஆர்மோனியம் மாதிரி மடிந்து மடிந்து இருக்குமே, அது. அப்பா அதைத் துருத்தி என்பார். அவரை நான் அவ்வளவு சந்தோஷமாக ஆபீசுக்குப் போன காலத்தில் பார்த்ததே இல்லை. இது உனக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று உனக்குப் புரியாது.

எல்லாம் செய்தார், அந்தத் துருத்தி மட்டும் வரவில்லை. கோயம்புத்தூரில் ஒருவர் வீட்டு மாடியில் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறார். அவர் முழு ரயிலுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். பெட்டிக்குப் பெட்டி துருத்தி வேண்டும், ரயில் வளைவில் திரும்பும்போது அது விரிந்து சுருங்க வேண்டும் என்பது அவர் கண்டிஷன். காகிதம் கிழிந்தது. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வாங்கி வந்த தோல் துண்டு மடியாமல் விறைத்தது. ஒரு சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து கைகழுவப் போகும் வழியில் முன் அறை வாசலில் நின்றாள். மேசையில் கிடந்த தோலை எடுத்து மடித்துப் பார்த்தாள். நான் எப்போதும்போல அவள் என்னிடம் ஏதாவது சொல்வாள், நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் அப்பாவைப் பார்த்து, “இது மடங்காது. இருங்க, நாளைக்கு ஒண்ணு கொண்டாரேன்” என்றாள்.

அவள் சமையலறைக்குப் போன பிறகு அப்பா என்னைப் பார்த்து, “என்கிட்டயா சொன்னா?” என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் அம்மா கடையில் மிஞ்சிய மெல்லிய கறுப்பு ரெக்சின் கொண்டுவந்தாள். சீட் ஓரத்துக்கு வைத்துத் தைப்பது. அப்பா அதை மிஷினில் வைத்து வெட்டினார். ஓரம் அவ்வளவு சுத்தமாக வந்தது. மடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒளி லேசாகக் கோடு போட்டுக் கொடுத்தது. அம்மா தரையில் உட்கார்ந்து அந்தக் கோடுகளில் மடித்து, பசை வைத்து, ஒரு துருத்தி செய்து, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மாட்டினாள். அப்பா வண்டியை வளைத்துத் தள்ளினார். துருத்தி ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் சுருங்கியது. “பாத்தீங்களா, மடங்குது” என்றாள் அம்மா. “மடங்குது லூர்து” என்றார் அப்பா. அவர் அவள் பெயரைச் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று நான் நினைத்தேன். அன்று மூன்று பேரும் முன் அறையில்தான் சாப்பிட்டோம்.

அதிலிருந்து பகலில் அப்பா வெட்டுவார், சாயங்காலம் அம்மா மடிப்பாள். என்னிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. நான் நிம்மதியாகப் படித்தேன். அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் அப்போதே சில விஷயங்களைப் பார்த்தேன், பார்த்தும் பேசாமல் இருந்தேன். முன் அறையில் இரும்பெல்லாம் துருப்பிடித்தது. அப்பாவின் இரும்பு அடிமட்டம், அம்மாவின் கத்தரி, மிஷினுக்குள் ஓடுகிற கம்பி, எல்லாம். “ஈரக்கையோட தொட்டியாடி?” என்று அம்மா என்னைத் திட்டினாள். திண்டுக்கல் வெயிலில் எங்கிருந்து ஈரம்? பிறகு அப்பாவுக்குக் கண் எரிந்தது. பிறகு இருமல். மிஷின் நின்றதும் மூடியைத் திறந்து, குனிந்து, துண்டுகளைப் பொறுக்குவார். உடனே தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். புகை போக ஜன்னல் வழியாக ஒரு குழாய் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் கருகல் நாற்றம் என்று சத்தம் போட்டதிலிருந்து அப்பா ஜன்னலைப் பாதி மூடி வைத்திருந்தார்.

டாக்டரிடம் போனோம். “என்ன தொழில்?” என்று டாக்டர் கேட்டார். “மரம் வெட்டுறதுங்க சார். பொம்ம ரயிலு” என்றார் அப்பா. “மரத் தூசி ஒத்துக்கல. முகமூடி போட்டு வேலை பாருங்க. வேற ஏதாச்சும் வெட்டுறீங்களா?” “இல்ல சார், மரந்தான்.” பொய் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ரெக்சின் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அது அம்மா கொண்டுவருவது, மெல்லிசாக ஒரு துண்டு, அவ்வளவுதான்.

பிறகு வேதியியல் வகுப்பில் மிஸ் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலைத் திறந்து காட்டினார். பக்கத்தில் போனவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் வீட்டு முன் அறையின் வாசனை. மூக்குக்குள் ஊசி ஏறுகிற மாதிரி, புளிப்பாக. நான் வகுப்பு முடிந்ததும் போய், “மிஸ், ரெக்சின் எரிஞ்சா என்ன வரும்?” என்று கேட்டேன். “பி.வி.சி. கலந்ததா இருந்தா இதே வாயுதான். மூச்சுக்குழாய அரிச்சுப்புடும். ஏன், யாரு எரிக்கிறா?” “சும்மா கேட்டேன் மிஸ்.” வரும்போது நீல லிட்மஸ் தாள் கொஞ்சம் எடுத்து ஜாமெட்ரி பாக்சில் ஒளித்துக்கொண்டேன். வீட்டில் ஒரு விடுமுறை நாளில் அப்பா மரம் வெட்டும்போது ஈரத் தாளை மிஷின் ஓரத்தில் ஒட்டி வைத்தேன். அது மெல்ல மங்கியது. ரெக்சின் வெட்டும்போது இன்னொன்றை வைத்தேன். அது உடனே சிவந்தது. மூடியைத் திறந்து அப்பா அதற்குள் முகத்தை விட்டார்.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். நீ கேட்பாய், ஏன் கத்தவில்லை என்று. கத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நீயே நினைத்துப் பார். அம்மா, நீ கொண்டுவந்து கொடுத்ததுதான் அப்பாவின் நெஞ்சை அரிக்கிறது. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் அத்தனை மாதம் கழித்துத் தானாக ஒரு அடி எடுத்து வைத்தாள், அந்த அடியை விஷம் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் மறுபடி அந்த அறைக்குள் வருவாளா? அப்பா மிஷினை விற்றுவிடுவாரா? விற்றால் அவர் மறுபடி யாருடைய ஆபீசிலாவது உட்கார்ந்து அடுத்தவன் வீட்டைக் கோடு போட்டுக்கொண்டு, தன் வீட்டில் வாயைத் திறக்காமல் இருப்பாரா? நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பக்கம் அப்பாவின் மூச்சு. இன்னொரு பக்கம் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் ரெக்சினை மட்டும் இல்லாமல் ஆக்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

முதலில் ரெக்சின் சுருளைப் பரண்மேல் குடில் சாமான் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். தீர்ந்துவிட்டது என்று நினைத்து அம்மா வேறு கொண்டுவந்தாள். அதைவிட நல்லது. “இது எங்க ஓனரு காருக்கு வாங்குனது. கொஞ்சம் கேட்டேன், குடுத்துட்டாரு” என்று சிரித்துக்கொண்டே அப்பாவிடம் நீட்டினாள். எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் அந்தப் பெரிய தப்பைச் செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். அந்தச் சுருளும் தீர்ந்த அன்று, அம்மா வேலைக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் போய், “அப்பா, அம்மா சொல்லச் சொன்னாங்க. இனிமே ரெக்சின் கேக்க வேணாமாம். கடையில சங்கடமா இருக்காம்” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். “என்கிட்ட சொல்லாம உன்கிட்டயா சொல்லிவிட்டா?” என்றார். நான் தலையாட்டினேன். சாயங்காலம் அம்மா வந்து, “இன்னைக்கு மடிக்க ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டபோது, “இல்ல” என்றார், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. அம்மா பசை டப்பாவை மூடி வைத்தாள். பிறகு போய்விட்டாள். அடுத்த நாள் காலையில் அவள் என்னிடம், “உங்கப்பாகிட்ட கேளு, டீ வேணுமான்னு” என்றாள். நான் கட்டிக் காப்பாற்ற நினைத்ததை நானே உடைத்துவிட்டேன். அதற்காவது பலன் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அப்பா ரோஷத்தோடு கடைவீதிக்குப் போய்த் தானே ரெக்சின் வாங்கி வந்தார். தடித்தது. மலிவானது. அதை வெட்ட ஒளியை இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டியிருந்தது. புகை இன்னும் அதிகம் வந்தது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லப் போகிறேன். சொல்லுவேனா என்று தெரியாது. சொன்னால் உனக்கு மிச்சத்தை எழுதுகிறேன்.

மிச்சத்தை எழுதுகிறேன். நான் நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை. பூசை முடியவில்லை, உட்காரவும் இல்லை. அப்பா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். காணிக்கைப் பாட்டில் அவருக்குத் தனியாக ஒரு வரி உண்டு. அந்த வரி வந்தது, அப்பாவின் குரல் வரவில்லை. ஆர்மோனியம் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். கோயிலுக்குப் பக்கத்தில் கை கழுவும் குழாயடியில், செருப்புகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. உதடு வெளுத்திருந்தது. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே, “ஏங்க, ஏங்க” என்றாள். நான் அப்போது சொன்னேன். யோசித்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. “தூசி இல்லம்மா, ரெக்சின்மா. அதுல ஆசிட் வருதும்மா. லிட்மஸ் வச்சுப் பாத்தேன்மா” என்று கத்தினேன். பக்கத்தில் குழந்தையோடு நின்ற ஒரு அக்கா திரும்பிப் பார்த்தார்.

அம்மாவின் கை அப்பாவின் முதுகில் அப்படியே நின்றது. “நான் கொண்டாந்ததா?” என்று கேட்டாள்.

அப்பா மூச்சுக்கு நடுவே, “அவ கெடக்குறா... சின்னப்புள்ள... மரத் தூசி...” என்றார். அந்த நிலையிலும் அவர் அம்மாவைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அதை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை, இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. அம்மா, “நீங்க பேசாதீங்க” என்றாள். என்னைப் பார்த்து, “ஆட்டோ கூப்புடு” என்றாள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு முகத்தில் மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். டாக்டர் கேட்பதற்கு முன்பே அம்மா சொன்னாள்: “மரம் மட்டும் இல்ல சார். ரெக்சினும் வெட்டுனாரு. நாந்தான் கொண்டாந்து குடுத்தேன். எனக்குத் தெரியல சார்.” சொல்லும்போது கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். டாக்டர் அப்பாவைக் கொஞ்சம் திட்டினார். முன்னமே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். உள்ளே புண்ணாகியிருக்கிறது, ஆற நாளாகும், முழுக்க ஆறுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் நிறையத் தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். லிட்மஸ் சிவந்த நாளிலேயே சொல்லியிருந்தால் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருப்பாரா? இதை அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இனியும் கேட்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்தது வெளியே வந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு, “நீ குடுக்க மாட்டேன்னு சொன்னப்பவே விட்டுத் தொலச்சிருக்கணும். நான் ஒரு கிறுக்கன்” என்றார். அம்மா, “குடுக்க மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?” என்றாள். “பாப்பாகிட்டச் சொல்லிவிட்டியே, கடையில சங்கடமா இருக்குன்னு.” இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பரணில் ஒளித்ததையும், நானாகச் சொன்ன பொய்யையும், அதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் அவர்கள் சொற்களை மாற்றி மாற்றிக் கொடுத்ததையும். ஸ்டேஷன் மாஸ்டர் என்று அம்மா சொன்னதுகூட அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். “இம்புட்டையும் நீ ஒத்தையாவாடி தூக்கிட்டுத் திரிஞ்ச?” என்று கேட்டாள். அது கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

உனக்கு ஒரு புத்திமதி சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். எனக்கு இருப்பது இவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்பா தனக்குப் பிடித்ததைச் செய்தார், அம்மா அன்பாக ஒன்றைக் கொடுத்தாள், நான் சமாதானம் வேண்டும் என்று பொய் சொன்னேன். அப்படியும் அந்த அறையில் இரும்பு அரித்தது. உன் வீட்டில் ஏதோ சரியில்லை என்று உன் மூக்குக்குத் தெரிந்தால், யார் மனசு நோகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்காதே. என்னிடம் வா. அது நான் செய்ததாகவே இருந்தாலும், ஆசையாகச் செய்ததாக இருந்தாலும், என் முகத்துக்கு நேராகச் சொல். நான் அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன்.

அதற்குப் பிறகு அம்மா சில நாள் முன் அறைப் பக்கமே போகவில்லை. நான் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். மிஷின் மேல் அப்பா ஒரு துணியைப் போட்டு மூடினார். கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தபோது எடுக்கவில்லை. பெட்டிகள் துருத்தி இல்லாமல் மேசையில் தனித்தனியாக நின்றன. பாதிக்கு நீலப் பெயின்ட் அடித்து, பாதி வெறும் மரமாக.

இன்றுதான் அம்மா உள்ளே போனாள். மிச்சமிருந்த ரெக்சினை எடுத்துவந்து, மேசையில் விரித்து, சோப்புத் துண்டால் கோடு போட்டு வெட்ட ஆரம்பித்தாள். கையாலேயே. நெருப்பில் காட்டினால்தானே விஷம் என்று டாக்டரிடம் அவள் தனியாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது. அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து, “கைல வெட்டுனா ஓரம் நேரா வராது” என்றார். “வரும்.” “வராது லூர்து. ஒரு முடி தப்புனாலும் பெட்டி வளைவுல இடிக்கும்.” “ஊருல இருக்க காருக்கெல்லாம் நான் வெட்டுறது நேராத்தான் வருது.” “அது காரு!” “ஆமா, அது நெசக் காரு, இது பொம்ம ரயிலு!” அப்புறம் அது ரயிலிலிருந்து தையல் மிஷினுக்குப் போயிற்று. வேலையை விட்டதைச் சொல்லாமல் மறைத்ததற்குப் போயிற்று. அவள் பேசாமல் இருந்ததற்கு, அவர் கேட்காமல் இருந்ததற்கு, என்னை நடுவில் விட்டதற்கு. அம்மா சொல்வதெல்லாம் முனை தேயாமல் அப்படியே போய் விழுகிறது. அப்பாவும் திருப்பிப் போடுகிறார். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்து அணைந்தது.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதும் சத்தம் கேட்கிறது. என்னை யாரும் கூப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் எழுந்து போகக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு நடுவில் இருமல் வருகிறது. வந்தால் சீக்கிரம் நிற்பதில்லை. அப்போது அம்மா பேச்சை நிறுத்துகிறாள். தண்ணீர்ச் செம்பு நகரும் சத்தம் கேட்கிறது. அவர் குடித்து, மூச்சு வாங்கி, தொண்டையைச் செருமும்வரை அவள் ஒன்றும் சொல்வதில்லை. பிறகு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்கிறாள்.